சும்மா எண்ணிக்கொண்டிருந்த வரி

தனக்குப் புரியாத எதைப் பார்த்தாலும் அது தேவையில்லாதது என்று முடிவு கட்டிவிடும் வயது ஒன்று எல்லாருக்கும் வருகிறது. பலருக்கு அது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடும். எனக்கு அது போடிநாயக்கனூரில், ஏலக்காய் ஏலம் விடும் கம்பெனி ஒன்றின் கண்ணாடி அறையில், வியாபாரிகளும் எஸ்டேட்காரர்களும் கூடியிருந்த சபையில், பெண் கொடுப்பாரா மாட்டாரா என்று தெரியாத மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது போயிற்று.

எண்பதுகளின் பிற்பாதி. மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் அப்போது கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். (சாப்பிட்டுக் கை கழுவியதும் ஓடாத ரேடியோவைக் கொண்டுவந்து மடியில் வைத்து, என்னவென்று பார்க்கச் சொல்வார்கள். அது வேறு துயரம்.) அந்த மரியாதையில்தான் கம்பெனி முதலாளி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

கம்பெனியின் வேலை எளிமையானது. மலையிலிருந்து ஜீப்புகளில் காய் மூட்டை மூட்டையாக இறங்கும். ஒவ்வொருவர் சரக்கும் ஒரு லாட், ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நம்பர். மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி ஹாலில் சுற்றி வருவார்கள். வியாபாரிகள் நாலு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு விலை கேட்பார்கள். ஏலம் விடுகிற தாமோதரன் அண்ணன் மூன்று தரம் சொல்லி முடித்ததும், கண்ணாடி அறைக்குள் இருக்கும் நான் அந்த விலையைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். பிரிண்டரில் சீட்டு வரும். தாமோதரன் அண்ணன் கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுச் சீட்டைக் கிழிப்பார். சீட்டு கிழிந்தால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் விலை மாறாது.

சீட்டு கிழிகிற வரைக்கும் காய்க்குச் சொந்தக்காரர், விலை பிடிக்கவில்லை என்றால், "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னால் சரக்கு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் மறுபடி ஏலத்துக்கு வரும். இதுதான் வழக்கம்.

அங்கே இருந்த பழைய மெஷின் நான் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு வாங்கியது. அப்பளம் அகலத்துக்கு ஃபிளாப்பி. விலையை அடித்தால் கொஞ்ச நேரம் பிரமை பிடித்த மாதிரி நிற்கும். ஹாலில் இருப்பவர்கள் "மெஷினு யோசிக்குது" என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள். அதன் பிறகுதான் பிரிண்டர் கிர்ர்ர் என்று தொடங்கும். கோடையில் சூடேறினால் பாதி எழுத்தை விழுங்கியும் விடும். சாமான் மாற்றலாம் என்றால் அந்த மெஷினைச் செய்தவர்களே தொழிலை விட்டிருந்தார்கள். முதலாளி பெருமூச்சு விட்டு, கண்ணாடி அறைக்கு ஏசி போட்டுப் புது கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். வந்த அன்றே திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். (ஃபிளாப்பி நுழைகிற வாயிலும் கொஞ்சம் சந்தனம் வைக்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் அந்தக் கம்பெனிக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று பின்னால் சொல்லப்பட்டது.)

பழைய மெஷினின் புரோகிராம் புது மெஷினில் ஓடவில்லை. இரண்டுக்கும் மூளை வேறு. எழுதிக் கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் துபாய்க்குப் போய்விட்டார். அவர் எழுதிய வரிகள் மட்டும் அச்சடித்த நீளக் காகிதமாக அலமாரியில் இருந்தன.

மெஷினை விற்ற மதுரைக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்த வரிகளைப் புது மெஷினுக்குத் தோதாகத் திருத்தி எழுதுவது. இன்னொன்று, புது மெஷினுக்குள் ஓர் அட்டையைச் செருகுவது. அந்த அட்டையில் பழைய மெஷினின் மூளையே இருக்கும். பழைய புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். தான் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். இந்தக் காரியத்தின் பேரன் பேத்திகளுக்கு இன்றைக்கு வர்ச்சுவலைசேஷன் என்று கம்பீரமான பெயர். அன்றைக்கு நான் அதற்கு வைத்த பெயர் ஏமாத்து அட்டை.

முதலாளிக்கு அட்டையின் மேல்தான் கண். அவருக்கும் மலையில் ஏலத் தோட்டம் உண்டு.

"ஏலச் செடியை எடம் மாத்துறப்ப மண்ணை உதறி நட்டா பாதி பட்டுப்போகும் அப்பு. வேர் மண்ணோட பெயர்த்து வச்சா, எடம் மாறுனதே செடிக்குத் தெரியாது. இந்த அட்டை மண்ணோட வைக்கிற சோலிதான?"

"மண்ணோட வச்சா மண்ணுல இருக்குற புழுவும் கூடவே வரும், முதலாளி" என்றேன்.

எனக்கு வாய் நீளம். முதலாளி யோசித்தார். புதுப் பையன், படித்தவன், ஏதோ தெரிந்துதான் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். திருத்தி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நான்தான் தலையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

இந்த இடத்தில் சின்னச்சாமி மாமாவைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊர் சிலமலை, போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டம். அவர் மகள் செல்வியை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டில் ஜாதகம் கொடுத்திருந்தார்கள். தை மாதம் போன ஜாதகத்துக்கு ஆவணி வந்தும் பதில் இல்லை. பிடிக்காமல் இல்லை, மாமா யோசித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. போடியில் நின்றுகொண்டு, ஊர் வழியாகப் போகிற தேவாரம் பஸ்சு வந்தால் இதில் போகலாமா அடுத்ததில் போகலாமா என்று யோசிப்பார். அதற்குள் பஸ்சு போய்விடும். அதுவும் சரிதான் என்று நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன மாப்ளே" என்பார். முறைக்கு அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றாலும், அந்த மாப்ளேயில் தனியாக ஓர் அழுத்தம் இருப்பதாக அம்மா கண்டுபிடித்திருந்தாள். செல்வியை நான் இரண்டொரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன். ஒருமுறை பந்தியில் என் இலையில் தாராளமாக அப்பளம் வைத்தாள். அதை வைத்துக்கொண்டு நான் எட்டு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திருத்தி எழுதும் வேலை நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் ஆபத்து. கஷ்டமாக இருந்திருந்தால் பயந்து பயந்து செய்திருப்பேன். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர்க்காரரின் வரிகளைப் பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி திருத்தினேன். சுற்றி வளைத்து எழுதியதை நேராக்கினேன். இரண்டு தரம் கேட்டதை ஒரு தரமாக்கினேன். சீட்டு அடிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வரி இருந்தது. ஒன்றிலிருந்து பல ஆயிரம் வரைக்கும் எண்ணு, எண்ணி முடித்ததும் அடுத்த வரிக்குப் போ என்பதுதான் அதன் சாரம். எதை எண்ண வேண்டும் என்று இல்லை. எண்ணியதை எங்கேயும் வைத்துக்கொள்ளவும் இல்லை. சும்மா எண்ண வேண்டியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெஷின் யோசிக்கிறது என்று இந்த ஊரே இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்ததே, அது இதுதானா? தாமோதரன் அண்ணனைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டி, இந்த மனுஷன் எண்ணுவதற்கே சம்பளம் வாங்கியிருக்கிறார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தார். அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு இழுத்தபோது எனக்கு இருந்த ஆனந்தம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

புது புரோகிராமை முதலாளிக்கு ஓட்டிக் காட்டினேன். பழைய சீட்டும் புதுச் சீட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. கணக்கு ஒரு பைசா பிசகவில்லை. விலையை அடித்துக் கையை எடுக்குமுன் சீட்டு வந்து நின்றது. முதலாளி இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டு எனக்குக் காப்பி வரவழைத்தார். வெறும் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஏல நாள் வந்தது. முதல் லாட் எப்போதும் கைராசிக்காரர் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சின்னச்சாமி மாமாவுக்குக் கைராசி உண்டு என்று பெயர். அன்றைக்கு அவர் கொண்டுவந்திருந்தது நல்ல பச்சைக் காய், முதல் எடுப்பு. அதைச் செல்வி கல்யாணச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தார் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா வழியாக எனக்கும் தெரியும். அதனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக, "என்ன மாப்ளே, புது மெஷினா?" என்று கேட்டார். அழுத்தம் இருந்தது. நானே கவனித்தேன்.

ஏலம் தொடங்கியது. முதல் லாட் என்பதால் வியாபாரிகள் ஆழம் பார்த்தார்கள். விலை ஏறவில்லை. விருதுநகர் வியாபாரி ஒருவர் கேட்ட அடிமாட்டு விலையில் வந்து நின்றது. தாமோதரன் அண்ணன் மூன்று தரம் சொன்னார். மாமா அவசரப்படவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். யோசனையின் முதல் கட்டம் அது. காம்பைக் கிள்ளினார். நான் விலையை அடித்தேன். கிர்ர்ர் என்றது. சீட்டு வந்தது. தாமோதரன் அண்ணனின் கை, சீட்டு தலையைக் காட்டினால் கிழித்துப் பழகிய கை. கிழித்துவிட்டது.

மாமாவின் வெற்றிலையில் இன்னும் சுண்ணாம்புகூடத் தடவவில்லை. அவர் கிழிந்த சீட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலியே, தம்பி" என்றார்.

தம்பி. அந்த ஒரு சொல்லில் முறை, ஜாதகம், அப்பளம் எல்லாம் அடிபட்டுப் போயின. எனக்கு ஏசி அறையில் வேர்த்தது.

முதலாளி ஓடிவந்து விருதுநகர்க்காரரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் கிழிந்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம் வழக்கம்தானே என்றார். மாமாவும் தகராறு செய்யவில்லை. கிழிந்தது கிழிந்ததுதான் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த லாட் பூப்பாறைப் பக்கத்து மலையாளி எஸ்டேட்காரர் ஒருவருடையது. அவர் கண்ணாடி அருகே வந்து, "எந்தா மோனே, இது மெஷினோ துப்பாக்கியோ?" என்று கேட்டுவிட்டு, தாமோதரன் அண்ணன் முதல் தரம் சொல்லும்போதே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டார். அவருக்கு அடுத்தவர் விலை கேட்குமுன்பே நிறுத்தினார். அதற்கடுத்தவர் மாதிரித் தட்டைக் கொண்டுவரும்போதே நிறுத்தினார். அப்புறம் ஹால் முழுக்க இதே சோலிதான். யாரையும் குறை சொல்ல முடியாது. யோசிக்க நேரம் இல்லையென்றால் வேண்டாம் என்பதுதானே புத்திசாலித்தனம். கடுப்பாகி எழுந்து டீ குடிக்கப் போன வியாபாரிகள் திரும்பி வரவில்லை. மலையிலிருந்து இறங்கிய காய் லோடு லோடாக மறுபடி ஜீப்பில் ஏறியது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் விற்றது ஒரே ஒரு லாட். அதுவும் மாமாவுடையது.

காலியான ஹாலில் முதலாளி என் எதிரே உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பழைய கதை ஒன்றை எடுத்தார்.

"இதே கூத்து அந்தப் பழைய மெஷினு வந்த புதுசுலயும் நடந்துச்சு அப்பு. சீட்டை வெரசா துப்பிருச்சு. கோயம்புத்தூர்க்காரர்ட்ட சொன்னேன். அடுத்த ஏலத்துல சாதுவாயிருச்சு. வண்டியில பூட்டுன புது மாடு மொதல்ல துள்ளும், பெறகு பழகிரும்ல. அப்பிடித் தானா பழகிருச்சுன்னு நெனச்சேன்."

நான் நீளக் காகிதத்தை எடுத்து விரித்து, சிவப்புக் கோடு போட்ட வரியைக் காட்டினேன். மாட்டைப் பழக்கியது இந்த வரி என்று விளக்கினேன். கோயம்புத்தூர்க்காரர் எதையும் எண்ணவில்லை. மாமா மாதிரி ஆட்களுக்கு வெற்றிலை மடிக்க நேரம் கொடுத்திருக்கிறார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. (தன் மேல் வர வேண்டிய கோபம் முதலில் துபாய் வரைக்கும் போய்விட்டுத்தான் வரும்.)

அந்த வரியை மறுபடி எழுதிவிடலாம், புது மெஷின் வேகமாக எண்ணும், அதனால் இன்னும் பெரிய எண்ணாகக் கொடுத்துவிடலாம் என்றேன். அது சரியான யோசனைதான். முதலாளி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். மடிப்புக்கு மடிப்பு சிவப்புக் கோடு.

"இது சரி. மத்ததெல்லாம் எதுக்கு இருந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. முதலாளி எழுந்து மதுரைக்கு போன் போட்டு, அந்த அட்டையைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். மண்ணோடயே வச்சுருவோம், புழு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் என்று போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

வீட்டில் அம்மா அழவில்லை, திட்டவில்லை. "ஒன் கல்யாணத்துக்கு வச்சிருந்த காயை நீயே அடிமாட்டு வெலைக்கு வித்துட்டியேடா" என்று ஒரு தரம்தான் சொன்னாள். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அவர்களிடம் சொன்னாள். செல்வியும் கேள்விப்பட்டிருந்தாள். அந்த ஆளுக்கு அப்படி என்ன அவசரமாம் என்று மட்டும் கேட்டதாகத் தகவல் வந்தது. ஆள். நான் தம்பியிலிருந்தும் இறங்கியிருந்தேன்.

அட்டை வந்தது. அதைச் செருகும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. பழைய புரோகிராமை அப்படியே இறக்கினேன். விலையை அடித்தேன். பளபளவென்று இருந்த புது மெஷின், கொடுத்த காசை நினைத்துக்கூட வெட்கப்படாமல், பழைய மெஷின் மாதிரியே பிரமை பிடித்து நின்றது. உள்ளே அட்டையில் இருக்கும் பழைய மூளையின் அதே பழைய வேகத்தில் அந்த வரி சும்மா எண்ணிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதலாளி திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த ஏலத்துக்கு மாமா வருவாரா என்பதுதான் என் கவலை. வந்தார். மிச்சம் இருந்த மூட்டைகளோடு, அதே முன்வரிசையில். என் பக்கம் திரும்பவில்லை. கைராசி பற்றி முதலாளிக்குச் சந்தேகம் வந்திருந்தும் முதல் லாட்டை அவருக்கே கொடுத்தார். விலை இந்தத் தடவையும் கீழேதான் நின்றது. தாமோதரன் அண்ணன் மூன்று தரம் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் விலையை அடித்துவிட்டு, மூச்சு விட்டால் மெஷின் கலைந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

மெஷின் யோசித்தது. மாமா வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். மடித்து வாயில் வைத்து, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பிரிண்டர் கிர்ர்ர் என்று தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நிறுத்துங்க" என்றார், சாவகாசமாக.

கடைசியில் மறுபடி ஏலம் விட்டபோது அதே காய்க்கு விருதுநகர்க்காரரும் இன்னொருவரும் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். மாமா இன்னொரு வெற்றிலை போட்டார், இந்தத் தடவை நிறுத்தவில்லை. சீட்டு கிழிந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்தார். மெஷினைத் தலையிலிருந்து அடி வரை பார்த்தார்.

"இப்பத்தான் மெஷினு மெஷினு மாதிரி இருக்கு, மாப்ளே. வெள்ளிக்கிழம அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசிக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று சபையில் பெரியவர்கள் சம்மதம் கேட்டபோது மாமா வழக்கம்போல் மேலே பார்த்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து தாமோதரன் அண்ணன் "கிர்ர்ர்" என்றார். சபையே சிரித்தது, மாமா உட்பட. அன்றையிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிற பழக்கம் இல்லை. தீபாவளிக்கு என்ன சேலை என்று செல்வியைக் கேட்டால், கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, கிர்ர்ர் என்று சொல்லிவிட்டுத்தான் நிறத்தைச் சொல்வாள்.

எங்கள் மகனுக்கு இப்போது பெங்களூரில் வேலை. கம்ப்யூட்டர்தான். போன மாதம் ஒரு நாள் போன் செய்தான். அவன் ஆபீசில் பழங்காலத்து புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். எழுதியவர் யாரும் இப்போது இல்லை. அதைப் புதிதாகத் திருத்தி எழுதலாமா, அல்லது எதையும் தொடாமல் புது மெஷினுக்குள் அப்படியே வைத்து ஓட்டலாமா என்று நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். திருத்தி எழுதினால் நன்றாக வேகமாக ஓடும் என்று அவனுக்குத் தோன்றுகிறதாம். "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டான்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. மகன் இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றான்.

அடுப்படியிலிருந்து செல்வி வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"லைன்லயே இருப்பா. அப்பா எண்ணிக்கிட்டிருக்காரு" என்றாள்.